ஐ.இ.பி. மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம்மில் பலர் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி வாத்தியாரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள். ஸ்கூலில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எதிர்த்துக் கேட்பது மரியாதை இல்லை என்றே வளர்ந்தோம். அந்தப் பழக்கத்தோடு, ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைப்படும் பிள்ளைக்காக ஸ்கூல் நடத்தும் ஐ.இ.பி. (இண்டிவிஜுவலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம்) மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால் எதிரே ஆறேழு பேர், மேஜையில் இருபது முப்பது பக்கத் தாள், எல்லாரும் அன்பாகப் பேசுகிறார்கள், பாதி வார்த்தை புரியவில்லை, நாமும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். என் மகனுக்கு மூன்று வயதில் ஆரம்பித்தது, இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். முதல் இரண்டு மூன்று வருஷம் நானும் அப்படித் தலையாட்டிவிட்டு வந்தவள்தான். அதனால் அவன் இழந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இப்போது மற்ற குடும்பங்களுக்குத் துணையாக மீட்டிங்குக்குப் போகிறேன், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கீழே இருப்பது பெரும்பாலும் நாடு முழுவதற்குமான சட்டம், நாள் கணக்கும் படிவமும் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

ஐ.இ.பி. என்றால் என்ன? விசாவில் இருப்பவர்களுக்கும் உண்டா?

உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை, ஸ்கூல் என்ன செய்யும், எவ்வளவு நேரம் செய்யும், முன்னேற்றத்தை எப்படி அளக்கும் என்று எழுதிவைக்கும் ஒப்பந்தம் மாதிரியான ஆவணம் அது. 1975-இல் வந்த சட்டத்திலிருந்து வருகிறது. 1990-இல் அதன் பெயர் மாறியது, இப்போது எல்லாரும் "ஐடியா" (IDEA) சட்டம் என்கிறார்கள். மூன்று வயதிலிருந்து 21 வயது வரை பொதுப் பள்ளியில் இலவசம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அதற்கு 'எர்லி இன்டர்வென்ஷன்' என்று தனி ஏற்பாடு.

சட்டத்தில் 13 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆட்டிசம், பேச்சு, கற்றல் குறைபாடு எல்லாம் அதில் வரும், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்பு) பெரும்பாலும் 'அதர் ஹெல்த் இம்பேர்மென்ட்', அதாவது பிற உடல்நலக் குறைபாடு என்ற வகையில் வரும். வகையில் வந்தால் மட்டும் போதாது, அதனால் படிப்பு பாதிக்கப்பட்டுத் தனிப்பட்ட முறையில் கற்பிக்க வேண்டிய தேவை இருக்க வேண்டும்.

விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளையின் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பொதுப் பள்ளிப் படிப்பை மறுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1982-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. கிரீன் கார்டு நினைப்பில் பயந்துகொண்டு இரண்டு வருஷம் வாயே திறக்காமல் இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.

டீச்சர் "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்கிறார். எவ்வளவு நாள் பொறுப்பது?

பொறுக்கத் தேவையில்லை. வாசலில் நின்று டீச்சரிடம் வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகாது. இன்றைக்கே பிரின்சிபாலுக்கும் ஸ்பெஷல் எஜுகேஷன் பொறுப்பாளருக்கும் ஒரு இமெயில் போடுங்கள். நாலு வரி போதும்: என் பிள்ளை பெயர் இது, வகுப்பு இது, இன்னின்ன விஷயத்தில் கஷ்டப்படுகிறான், ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையா என்று எல்லாக் கோணத்திலும் முழு எவாலுவேஷன் செய்யும்படி எழுத்து மூலமாகக் கேட்கிறேன், சம்மதப் படிவத்தை அனுப்புங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஸ்கூல் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். சம்மதப் படிவம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்துக்கு 'பிரையர் ரிட்டன் நோட்டீஸ்' என்று பெயர், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும். நீங்கள் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எவாலுவேஷன் முடிய வேண்டும் என்பது மத்தியச் சட்டம். மாநிலம் தனியாக வைத்திருந்தால் அந்தக் கணக்கு: டெக்சாஸில் 45 பள்ளி நாட்கள். கலிபோர்னியாவில் நீங்கள் கேட்ட 15 நாளுக்குள் எவாலுவேஷன் திட்டம் கைக்கு வர வேண்டும். தகுதி உண்டு என்று முடிவான 30 நாளுக்குள் ஐ.இ.பி. மீட்டிங்.

"முதலில் ஆர்.டி.ஐ. செய்து பார்க்கிறோம், பலன் இல்லையென்றால் எவாலுவேஷன்" என்று சொல்வார்கள். வகுப்பிலேயே கூடுதல் உதவி கொடுத்துப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், அது நல்லதுதான், செய்யட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி எவாலுவேஷனைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறையே 2011 ஜனவரியில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

டாக்டர் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. டாக்டர் சொல்வது மருத்துவ முடிவு, ஸ்கூல் பார்ப்பது கல்வித் தேவை. ஆனால் நீங்கள் கொடுக்கும் வெளி ரிப்போர்ட்டை அவர்கள் பரிசீலித்தே ஆக வேண்டும். நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

மார்க் எல்லாம் நன்றாக வாங்குகிறான், அதனால் கிடையாது என்கிறார்களே?

வகுப்பில் ஃபெயில் ஆகாமல் மேலே போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தகுதி இருக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அம்மா தினமும் ராத்திரி மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள், பிள்ளை அழுது அழுது எழுதுகிறது, காலையில் போனால் 'ஏ' கிரேடு. ஸ்கூலுக்குத் தெரிவது அந்த 'ஏ' மட்டும்தான். ஹோம்வொர்க்குக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை தடவை எழுந்து ஓடினான், நீங்கள் எவ்வளவு உதவி செய்தீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, அதை மீட்டிங்கில் கொடுங்கள். படிப்பு என்றால் மார்க் மட்டும் இல்லை, நண்பர்களோடு பழகுவது, உணர்ச்சியைச் சமாளிப்பது, தன் வேலையைத் தானே செய்வது எல்லாம் சேர்ந்ததுதான்.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தட்டுமா?

வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இரண்டு மொழி கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டு, நமக்கே முழுதாக வராத இங்கிலீஷில் பிள்ளையைக் கொஞ்சுவது யாருக்கு நல்லது?

சட்டமும் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. இங்கிலீஷ் சரியாக வராதது மட்டுமே முக்கியக் காரணம் என்றால் அதைக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. அதேபோல எவாலுவேஷனை, முடிந்தவரை, பிள்ளைக்கு எந்த மொழியில் கேட்டால் சரியான பதில் வருமோ அந்த மொழியில் செய்ய வேண்டும். "அவனுக்கு 'பந்து' தெரியும், 'பால்' என்று கேட்டால் குடிக்கிற பாலைத்தான் காட்டுவான்" என்று ஒரு பாட்டி மீட்டிங்கில் சொன்னார். அதுவரை 'தெரியாது' என்று குறித்திருந்த ஸ்பீச் தெரபிஸ்ட், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மறுபடி டெஸ்ட் செய்தார். பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகளின் எண்ணிக்கையே மாறிவிட்டது.

மீட்டிங்கில் யார் யார் இருப்பார்கள்? நான் யாரையாவது கூட்டிப் போகலாமா?

வகுப்பு டீச்சர் ஒருவர், ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர் ஒருவர், டெஸ்ட் முடிவுகளை விளக்கத் தெரிந்தவர் ஒருவர், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சார்பாக முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர், அப்புறம் நீங்கள். நீங்கள் விருந்தாளி இல்லை, சட்டப்படி அந்தக் குழுவில் உறுப்பினர். முக்கியமான ஒருவர் வராமலோ பாதியில் எழுந்தோ போக வேண்டும் என்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

பிள்ளையை நன்றாகத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம்: பாட்டி, வெளித் தெரபிஸ்ட், விஷயம் தெரிந்த தோழி. தனியாகப் போகாதீர்கள். பேசுவதற்கு இல்லாவிட்டாலும் குறிப்பு எடுப்பதற்கு ஒருவர் வேண்டும், நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் நேரத்தில் நம் காதில் எதுவும் விழாது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறவருக்கும் இந்த மீட்டிங் இங்கிலீஷ் வேறு. செலவு ஸ்கூலுடையது. ஒரு வாரம் முன்னாலேயே இமெயிலில் கேளுங்கள். நேரம் ஒத்துவரவில்லையென்றால் மாற்றச் சொல்லலாம், அப்பா போனிலோ வீடியோவிலோ சேரலாம். சில மாநிலங்களில் பேச்சைப் பதிவு செய்யவும் உரிமை உண்டு. கலிபோர்னியாவில் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு ஆடியோ எடுக்கலாம். ஒன்று, டெக்சாஸில் இந்த மீட்டிங்கை 'ஏ.ஆர்.டி.' என்பார்கள், பெயர் வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

போவதற்கு முன்னால் வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஐ.இ.பி. வரைவையும் எவாலுவேஷன் ரிப்போர்ட்டையும் ஐந்து நாள் முன்னால் அனுப்பும்படி கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையின் கோப்பைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, மீட்டிங்குக்கு முன்பே பார்க்கக் கேட்டால் காட்டியாக வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். நாம் மார்க் பார்த்தே வளர்ந்தவர்கள், 'பெர்சென்டைல் 16' என்று கண்ணில் பட்டதும் "நூற்றுக்குப் பதினாறா!" என்று நெஞ்சு பதறும். அது மார்க் இல்லை. அதே வயதுள்ள நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தால் கிட்டத்தட்ட 16 பேர் இவனுக்குப் பின்னால் நிற்பார்கள் என்று அர்த்தம். பெரும்பாலான டெஸ்டில் 'ஸ்டாண்டர்ட் ஸ்கோர்' சராசரி 100, அதில் 85 என்றால் 16-ஆவது பெர்சென்டைல். மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பகுதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் 110, இன்னொன்றில் 74 என்று இருக்கும், சராசரி போட்டால் எல்லாம் சரி மாதிரித் தெரியும், உதவி தேவைப்படுவது அந்த 74-இல்.

அப்புறம் ஒரு பக்கக் கடிதம். பிள்ளைக்கு என்ன நன்றாக வரும், எது உங்களைக் கவலைப்படுத்துகிறது, இந்த வருஷம் என்ன மாற வேண்டும். ஐ.இ.பி.யில் 'பேரன்ட் கன்சர்ன்ஸ்' என்று பகுதி உண்டு, உங்கள் கடிதத்தை அப்படியே அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு வரியாகச் சுருக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கோல் (பிள்ளைக்கான இலக்கு) எல்லாம் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். எது நல்ல கோல், எது வெறும் வார்த்தை?

"வாசிப்புத் திறனை மேம்படுத்துவான்." இப்படி எழுதியிருந்தால் வருஷக் கடைசியில் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. "இப்போது நிமிடத்துக்கு 42 வார்த்தை சரியாக வாசிக்கிறான், அடுத்த ஆண்டு இதே நாளுக்குள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை நிமிடத்துக்கு 80 வார்த்தை வாசிப்பான், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டீச்சர் அளந்து குறிப்பார்." இதில் இன்றைய நிலை இருக்கிறது, போக வேண்டிய இடம் இருக்கிறது, யார் எப்போது அளப்பது என்றும் இருக்கிறது. ஒவ்வொரு கோலுக்கும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

போன வருஷத்துக் கோலே தேதி மட்டும் மாறி வந்திருக்கிறதா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிறைய நடக்கும். பேருக்குக் கொஞ்சம் முன்னேறினால் போதும் என்ற வாதத்தை 2017-இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் ஐ.இ.பி. இப்படித்தான் வருஷா வருஷம் ஏறக்குறைய அப்படியே வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

எந்தப் பக்கத்தை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்?

சர்வீஸ் அட்டவணை. எந்தத் தெரபி, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், எத்தனை தடவை, தனியாகவா குழுவாகவா, வகுப்புக்குள்ளேயா வெளியே கூட்டிப்போயா என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் எல்லாம் இருக்கும்.

என் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மீட்டிங் நல்லபடியாக முடிந்தது, ஒரு மணி நேரமும் அவன் வரைந்த படங்களைப் பாராட்டினார்கள். ராத்திரி அவன் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேஜையில் பழைய ஐ.இ.பி.யையும் புதியதையும் வரி வரியாகப் பென்சில் வைத்துப் பார்த்தேன். ஸ்பீச், 60 நிமிடம், பழையதில் 'வாரத்துக்கு', புதியதில் 'மாதத்துக்கு'. ஒரே ஒரு சொல். மீட்டிங்கில் அதைப்பற்றி யாரும் பேசவே இல்லை. அன்றைக்கே எழுதினேன்: இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை, எந்தத் தகவலை வைத்துக் குறைத்தீர்கள் என்று பிரையர் ரிட்டன் நோட்டீஸில் விளக்குங்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் பழையபடி வாரத்துக்கே வந்தது. தட்டச்சுப் பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் நான் அன்று ராத்திரி உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருந்தால், பேச்சுக்காகவே தவித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, ஒரு வருஷம் முழுக்க நாலில் ஒரு பங்கு உதவியோடு போயிருப்பான்.

அங்கேயே கையெழுத்துப் போட வேண்டுமா?

வேண்டாம். வந்திருந்தேன் என்பதற்கான கையெழுத்து வேறு, சம்மதக் கையெழுத்து வேறு, எது எது என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். "வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது முழுக்க மரியாதையான வாக்கியம். முதல் தடவை சேவை தொடங்க உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முடியாது. அடுத்தடுத்த வருஷம் சில மாநிலங்களில் நீங்கள் பேசாமல் இருந்தாலே புதிய திட்டம் அமலுக்கு வந்துவிடும், அதனால் எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே ஒரு இமெயில்: இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, தவறு இருந்தால் சொல்லுங்கள். வாயால் கொடுத்த வாக்கு டீச்சர் மாறியதும் காணாமல் போகும், இமெயில் அங்கேயே இருக்கும்.

"தெரபிஸ்ட் இல்லை", "பட்ஜெட் இல்லை" என்கிறார்களே?

அவர்கள் கஷ்டம் உண்மைதான். ஆனால் ஐ.இ.பி. எழுதப்படுவது பிள்ளையின் தேவையை வைத்து, ஸ்கூலில் ஆள் இருக்கிறதா என்பதை வைத்து இல்லை. எழுதியதைக் கொடுத்தாக வேண்டும். தவறிப்போன நிமிடங்களுக்கு ஈடாகப் பிறகு சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு 'காம்பன்சேட்டரி சர்வீஸ்' என்று பெயர். எத்தனை செஷன் நடந்தது என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

தனி வகுப்பில் போடுகிறோம் என்கிறார்கள்.

பிள்ளைக்கு ஏற்ற அளவு, முடிந்தவரை மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்பது சட்டம். உதவியாளரோ வேறு ஏற்பாடோ வைத்தும் முடியவில்லை என்றால்தான் வெளியே. வகையின் பெயரைப் பார்த்து வகுப்பை முடிவு செய்யக் கூடாது, மீட்டிங்குக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட்டு வந்து அறிவிக்கவும் கூடாது. சில பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பு உண்மையிலேயே நிம்மதி, அதையும் பார்த்திருக்கிறேன். போய் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒத்துப்போகவே இல்லையென்றால்?

மறுபடி மீட்டிங் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், வருஷம் முடியக் காத்திருக்க வேண்டாம். அவர்கள் செய்த எவாலுவேஷன் சரியில்லை என்று நினைத்தால் ஸ்கூல் செலவில் வெளி ஆளை வைத்து எவாலுவேஷன் கேட்கலாம், அவர்கள் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தங்களுடையதே சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். அடுத்தது மீடியேஷன், நடுவர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பது, அது இலவசம். சட்டத்தை மீறினார்கள் என்றால் ஒரு வருஷத்துக்குள் மாநிலக் கல்வித் துறைக்கு எழுத்தில் புகார், பொதுவாக 60 நாளில் முடிவு சொல்வார்கள். கடைசியில்தான் 'டியூ பிராசஸ்' என்ற முறையான சட்ட விசாரணை, அதற்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். அது நடந்துகொண்டிருக்கும்போது பழைய ஐ.இ.பி.யே தொடரும். எல்லா மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி மையம் உண்டு, காசு வாங்காமல் வழிகாட்டுவார்கள். வக்கீலிடம் போவதற்கு முன் அங்கே பேசுங்கள்.

504 பிளான் என்கிறார்களே, அது வேறா?

வேறு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு. டெஸ்டுக்குக் கூடுதல் நேரம், முன் வரிசை இருக்கை மாதிரி வசதிகளுக்கு அது போதும். தனியாகக் கற்பிக்க வேண்டும், அளக்கும்படியான கோல் வேண்டும் என்றால் ஐ.இ.பி.

வேலை மாறி வேறு மாநிலம் போகிறோம்.

புதிய ஸ்கூல் முதல் நாளிலிருந்தே பழையதற்கு ஒப்பான சேவையைக் கொடுக்க வேண்டும், அவர்கள் தங்கள் எவாலுவேஷனை முடித்துப் புதிய ஐ.இ.பி. போடும் வரை. ஸ்கூல் கோப்பு வந்து சேரக் காத்திருக்காமல் உங்கள் நகலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிள்ளையே மீட்டிங்குக்கு வரலாமா?

வரலாம். 16 வயது ஆகும் ஆண்டிலிருந்து பள்ளிக்குப் பிறகு என்ன என்ற திட்டமும் சேர வேண்டும், சில மாநிலங்களில் 14. அந்தப் பேச்சுக்குப் பிள்ளையை அழைத்தாக வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம், பத்து நிமிடம் வந்துவிட்டுப் போகட்டும். என் மகன் எட்டாம் வகுப்பில் முதல் தடவை வந்தான். கையில் ஒரு கார்டு, அவனே எழுதியது, மூன்று வரி. சத்தம் அதிகமானால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அது கோபம் இல்லை. என்னிடம் கேள்வி கேட்டால் பத்து விநாடி காத்திருங்கள், பதில் வரும்.

கணக்கு டீச்சர் அந்தக் கார்டை வாங்கி இரண்டாவது தடவை படித்துவிட்டு, அந்தப் பத்து விநாடியை ஐ.இ.பி.யில் வசதிகளை எழுதும் அகாமடேஷன் பக்கத்தில் சேர்க்கச் சொன்னார். இந்த வருஷத்து ஐ.இ.பி.யிலும் அது ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது.